விட்டால் வேறு, விட்டால்தான் வேறு

மொழிபெயர்ப்பாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் ஒன்பது பேரையும் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. பொறாமை, உங்கள் அறையில் ஏர்கான் ஓடுவதற்காக. பயம், உங்களில் மூன்று பேர் மிக நன்றாக ஆங்கிலம் பேசுவதற்காக. நம் தொழிலில் தட்டுத்தடுமாறிப் பேசுகிறவன் பெரிய கெடுதல் செய்துவிடுவதில்லை. அதிகாரி அவனை நம்பாமல் இன்னொரு தடவை கேட்பார். அழகாகப் பேசுகிறவனை யாரும் இன்னொரு தடவை கேட்பதில்லை.

நான் அழகாகப் பேசுவேன். அதனால் ஒரு மனுஷன் பதின்மூன்று நாள் லாக்கப்பில் உட்கார்ந்திருந்தான். ஓய்வு பெற்றவனைப் பேசக் கூப்பிட்டால் சாதனைகளைச் சொல்வான் என்று நினைத்து டீயெல்லாம் வைத்திருக்கிறீர்கள். டீயைக் குடித்துவிட்டு இதைச் சொல்கிறேன். படிவங்கள், சத்தியப் பிரமாணம், எந்த இடத்தில் எந்தக் கையெழுத்து என்பதையெல்லாம் உங்கள் வகுப்பில் கற்றுக்கொள்ளுங்கள்.

மலாயாவில் வெள்ளைக்கார அரசாங்கம் அவசர காலம் அறிவித்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. நான் மலாக்கா டவுன்காரன். அப்பாவுக்குத் துணிக்கடை. தோட்டம் என்றால் எனக்கு பஸ் ஜன்னலில் பார்த்த ரப்பர் மரங்கள் மட்டுமே. ஆங்கிலமும் மலாயும் தமிழும் தெரிந்த ஆள் வேண்டும் என்று சிம்பாங் அம்பாட் போலீஸ் ஸ்டேஷனில் என்னைக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். அப்போது காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்பது எல்லாச் சட்டத்துக்கும் மேலான சட்டம். ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போகிற தோட்டத்து ஜனங்கள் மத்தியானச் சோற்றைக்கூடக் கையில் எடுத்துப்போக முடியாது. மாட்டிக்கொண்டால் கோர்ட்டு, வக்கீல் எல்லாம் கிடையாது. அதிகாரி ஒரு ரிப்போர்ட் எழுதினால் முகாமில் அடைப்பார்கள். குடியுரிமைக் காகிதம் இல்லாதவன் என்றால் நாகப்பட்டினக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள்.

எங்கள் ஸ்டேஷன் அதிகாரி ஒரு வெள்ளைக்காரர். போலீசுக்கு வருவதற்கு முன் தன் ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். கெட்ட மனுஷன் இல்லை. எதற்கும் காரணம் வேண்டும் அவருக்கு, காரணத்திலிருந்து முடிவு வேண்டும். அதற்காகவே ஸ்டேஷனில் ஒரு கரும்பலகை வாங்கி மாட்டியிருந்தார். அதில் அவர் எழுதும் மூன்றாவது வாக்கியம் எப்போதும் ‘ஆகையால்’ என்று தொடங்கும். மலாய்க் காவலர்கள் அவருக்குத் ‘துவான் ஜாடி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மலாயில் துவான் என்றால் துரை, ஜாடி என்றால் ஆகையால். தோட்டத்துத் தமிழர்கள் இதைக் கேட்டு, துரையின் வயிற்றைப் பார்த்துத்தான் ஊறுகாய் ஜாடி என்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டுமே பொருத்தமாக இருந்ததால் யாரும் திருத்தவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆறாங்கட்டைத் தோட்டத்திலிருந்து காத்தமுத்து என்பவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். மரம் வெட்டுகிறவர். அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்திலேயே பிறந்தவர், மலாக்கா டவுனைக்கூட இரண்டு தடவைதான் பார்த்தவர். காகிதம் எதுவும் கிடையாது. காட்டோரத்து எல்லையிலிருந்து காலிக் கூடையோடு திரும்பி வந்திருக்கிறார். ரோந்து போன காவலர்கள் என்னவென்று கேட்க, ஒளிக்காமல் சொல்லிவிட்டார். எல்லையில் ஒரு மரத்தடியில் வாழையிலை விரித்துச் சோறு, கோழிக் குழம்பு, ஒரு சுருட்டு, கொஞ்சம் சாம்சுச் சாராயம் வைத்துவிட்டு வருகிறேன் என்றார். காவலர்கள் ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் இலை காலி. சுருட்டும் இல்லை.

அதிகாரி கேட்டார், நான் தமிழில் கேட்டேன்.

“யாருக்கு வைத்தாய்?”

“முனியாண்டிக்குங்க ஐயா.”

“அவன் எங்கே இருக்கிறான்?”

“எல்லையிலதான். அந்த மரத்துல இருப்பாரு.”

“ஆயுதம் வைத்திருக்கிறானா?”

“அருவா வெச்சிருப்பாரு. பெரிய அருவா.”

“நீ நேரில் பார்த்திருக்கிறாயா?”

“நம்ம கண்ணுக்குத் தெரிய மாட்டாருங்க. ஆனா நம்மள அவரு பாத்துக்கிட்டே இருப்பாரு.”

“தோட்டத்தில் வேறு யாருக்கு இவனைத் தெரியும்?”

“பூராப் பேத்துக்கும் தெரியும். வருசத்துக்கு ஒருக்கா எல்லாருஞ் சேந்து ஆடு வெட்டிக் குடுப்போம்.”

அதிகாரியின் பென்சில் அன்று ஓடிய வேகத்தில் நான் பிறகு பார்த்ததில்லை. நீங்கள் கேட்கலாம், முனியாண்டி ஒரு சாமி என்று நீ சொல்லக் கூடாதா என்று. சொல்லியிருக்கலாம். ஆனால் மலாக்காவில் எனக்கு மேலே ஒரு மூத்த மொழிபெயர்ப்பாளர் இருந்தார். கோர்ட்டில் பெயர் போனவர், வெள்ளைச் சட்டையும் சிலுவைச் சங்கிலியுமாக வருவார். அவர் எனக்குச் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்று: “கேட்டதைச் சொல்லு, சொன்னதைச் சொல்லு, விளக்கம் சொல்லாதே.” நான் அந்த வாக்குப்படி நல்ல பிள்ளையாக நடந்தேன். எல்லையைக் காக்கிறவர், அரிவாள் வைத்திருப்பவர், கண்ணில் படாதவர், தோட்டமே சாப்பாடு தருகிறது என்று வரிசையாக நல்ல ஆங்கிலத்தில் கொடுத்தேன்.

முனியாண்டியைப் பிடித்துவர உத்தரவு போனது. சாயங்காலத்துக்குள் தோட்டத்துப் பெயர்ப் பட்டியலில் இருந்த ஏழு முனியாண்டிகளும் லாரியில் வந்து இறங்கினார்கள். அதில் ஒருவர் தாயின் இடுப்பில் இருந்தார். அவருக்கு எட்டு மாதம். இன்னொருவருக்கு எழுபது வயது, பல் இல்லை. ஒவ்வொருவரையும் நிறுத்தி, “காத்தமுத்து உனக்குக் கோழி தந்தானா?” என்று கேட்டார் அதிகாரி. மற்றவர்கள் இல்லை என்றார்கள். எழுபது வயதுக்காரர் மட்டும் யோசித்து, “தரல. தந்தா வாங்கிக்குவேன்,” என்றார். அதை நான் மொழிபெயர்த்ததும் அதிகாரி பலகைக்குப் போனார். சாப்பாடு தந்தால் வாங்கிக்கொள்வான். சாப்பாடு போயிருக்கிறது. ஆகையால் இவன் வாங்கியிருக்கிறான். கிழவரை உள்ளே வைத்தார்கள். மற்ற ஆறு பேரை அனுப்பினார்கள். எட்டு மாதத்துக்காரர் அதிகாரியின் விசிலைப் பிடித்துக்கொண்டு தர மாட்டேன் என்றார்.

அப்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. “துவான், முனியாண்டி ஒரு சாமி,” என்று சொல்லிவிட்டேன். அதிகாரி பென்சிலைக் கீழே வைத்தார். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றார். நீங்கள் கேட்கவில்லை என்றேன். அவர் முகம் சிவந்ததைப் பார்த்து, இனி காத்தமுத்து வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். ஆனால் கணக்கு வாத்தியாரை அவ்வளவு சுலபமாகச் சமாதானப்படுத்த முடியுமா? “சரி, சாமி. அந்தச் சாமிக்கு இந்த வெள்ளிக்கிழமை ஏன் கோழி?” என்று கேட்டார்.

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். காத்தமுத்து சொன்னது இது:

“எம் பையனுக்கு அஞ்சு நாளாக் காச்சங்க. காச்ச விட்டா ஒனக்குப் படையல் போடறேன்னு முனியாண்டிகிட்ட வேண்டிக்கிட்டேன்.”

நான் ஆங்கிலத்தில் என்ன சொன்னேன் தெரியுமா? காய்ச்சல் விட்டால்தான் படையல் போடுவதாக வேண்டிக்கொண்டான் என்று சொன்னேன். ‘தான்’ அவர் வாயில் இல்லை. அது என் வீட்டிலிருந்து வந்தது. எங்கள் வீட்டில் வேண்டுதல் என்றால் காரியம் நடந்த பிறகுதான் கொடுப்பது. அக்கா கல்யாணம் முடிந்த பிறகுதான் முடி இறக்கினோம், கடை திறந்த பிறகுதான் தேங்காய் உடைத்தோம். வேண்டுதல் என்ற சொல்லைக் கேட்டதும் அந்தத் ‘தான்’ தானாகவே வந்து ஒட்டிக்கொண்டது. வாக்கியமும் அழகாக இருந்தது.

மறுநாள் காலையில் அதிகாரி தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெஸரைக் கூப்பிட்டு, பையனின் காய்ச்சல் எப்படி என்று கேட்டார். வெள்ளிக்கிழமை இருந்தது, இன்றும் இருக்கிறது, குறையவே இல்லை என்றார் அவர். அதிகாரி சாக்பீஸை எடுத்தார். காய்ச்சல் விட்டால்தான் படையல். காய்ச்சல் விடவில்லை. ஆகையால் அது படையல் இல்லை. அதன் கீழே இன்னொரு கோடு: படையல் இல்லையென்றால் அந்தச் சாப்பாடு யாருக்கு?

எனக்குக் கை தட்டலாம் போல இருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன். அந்தப் பலகையில் அவர் எழுதியதிலேயே ஓட்டை இல்லாத கணக்கு அதுதான். முதல் வரி சரியாக இருந்தால் மூன்றாவது வரியை யாராலும் அசைக்க முடியாது. முதல் வரியை எழுதிக்கொடுத்தவன் நான். காத்தமுத்து அந்த எழுத்துகளை ஏதோ வைத்தியச் சீட்டு மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். முகாமுக்கும் பிறகு கப்பலுக்கும் சிபாரிசு செய்து ரிப்போர்ட் எழுதப்போவதாக அதிகாரி என்னிடம் சொல்லி, அதை மொழிபெயர்க்கச் சொன்னார். மொழிபெயர்த்தேன்.

“நாகப்பட்டினத்துல எனக்கு யாரையும் தெரியாதுங்களே ஐயா,” என்றார் காத்தமுத்து. அதையும் மொழிபெயர்த்தேன்.

ஒன்பதாம் நாள் அவர் மனைவி செல்லம்மா ஸ்டேஷன் வாசலுக்கு வந்தார். மூன்று வயதுப் பையனை இடுப்பில் வைத்திருந்தார். பையனின் கண்கள் உள்ளே போயிருந்தன. உள்ளே விடவில்லை. என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, நீங்கதான அவரு பேசறத இங்கிலீசுல சொல்றவரு? அவரு என்னத்தத் தப்பாச் சொல்லிட்டாரு?”

நான் நியாயமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, “காய்ச்சல் விட்டால்தானே படையல், அக்கா? விடுறதுக்கு முன்னாடியே ஏன் போட்டீங்க? அதான் சந்தேகம்,” என்றேன்.

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “விட்டாத்தான்னு யாரு சொன்னா? சாமிகிட்டப் போயி அப்பிடிக் கறாரு பேசுவாங்களா? விட்டாப் போடறேன்னு வேண்டிக்கிட்டோம். விடல. வியாழக்கெழம புள்ள கண்ணச் சொருகிடுச்சு. பயந்துபோயி முன்னாடியே போட்டுட்டோம். விட்டிருந்தாலும் போட்டிருப்போம், அப்பறம் இன்னொண்ணும் போட்டிருப்போம். இதுல என்னா சந்தேகம்லா?”

விட்டால் போடுவேன் என்றவன், விடாவிட்டால் போட மாட்டேன் என்று எங்கே சொன்னான்? சாமி கேட்காததையும் காத்தமுத்து சொல்லாததையும் நான் சேர்த்துவிட்டேன்.

உடனே அதிகாரியிடம் ஓடினேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஓடவில்லை. மலாக்காவுக்கு பஸ் ஏறிப் போய் அந்த மூத்தவரைப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், “சொன்னதை மாத்திச் சொன்னா உன் வேலை போயிரும்பா,” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் நான் அதைத் திருப்பிப் போட்டு நிம்மதி தேடிக்கொண்டேன்: மாற்றிச் சொல்லாவிட்டால் வேலை போகாது. அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அதையும் நானே சேர்த்துக்கொண்டேன். மாற்றிச் சொல்லாமலே வேலை போவதற்கு நூறு வழி இருக்கிறது. இப்படி ஒரு பொய்யான நிம்மதியில் இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். பதின்மூன்று நாளில் இரண்டு நாள் முழுக்க என் கோழைத்தனத்துக்குச் சொந்தம். அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

பதினோராம் நாள் ரிப்போர்ட்டை டைப் அடித்து உறையில் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலை அது மலாக்காவுக்குப் போகவேண்டும். இதற்குள் அதிகாரிக்குத் தோட்டத்தின் மேலேயே சந்தேகம் வந்து, இரண்டு நாளைக்கு லயத்தைவிட்டு யாரும் வெளியே வரக் கூடாது என்று தடை போட்டிருந்தார். மறுநாள் காலை உறை மேஜைமேல் இருந்தபோது அவர் முன்னால் போய் நின்றேன். ஒரு வார்த்தையை நான் தவறுதலாகச் சேர்த்துவிட்டேன், காத்தமுத்து ‘தான்’ போடவில்லை என்றேன்.

அவர் சாக்பீஸை எடுத்தார். பிறகு எழுந்து பலகைக்குப் போனார். லஞ்சம் வாங்கிய மொழிபெயர்ப்பாளன் சொன்னதை மாற்றுவான். நீ சொன்னதை மாற்றுகிறாய். ஆகையால்…

மீதியை எழுதுவதற்குள் என் வாய் முந்திக்கொண்டது. பயத்தில் மனுஷனுக்குச் சில சமயம் மூளை வேலை செய்யும். “துவான், மழை பெய்தால் தோட்டத்தில் மரம் வெட்ட மாட்டார்கள், உண்டா இல்லையா?” என்றேன். உண்டு என்றார். “இன்று ஆறாங்கட்டையில் மரம் வெட்டவில்லை. ஆகையால் வெளியே மழை பெய்கிறது. குடை எடுத்துக்கொள்ளுங்கள் துவான்,” என்றேன்.

வாசலில் வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. அதிகாரி ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ‘குடை’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்ட மலாய்ப் போலீஸ் கொப்ரல் உள்ளே போய் உண்மையிலேயே குடையை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

“பிறகு ஏன் மரம் வெட்டவில்லை?” என்றார் அதிகாரி, குடையைப் பிடித்துக்கொண்டே.

“நீங்கள் தடை போட்டிருக்கிறீர்களே துவான்.”

மழையில்லாமலும் மரவெட்டு நிற்கும். லஞ்சம் வாங்காமலும் ஒருவன் சொன்னதை மாற்றுவான், தப்பாகச் சொல்லியிருந்தால். பின்னால் வருகிறதைப் பிடித்துக்கொண்டு முன்னால் இருந்தது இதுதான் என்று அடித்துப் பேச முடியாது. முன்னால் இருந்தது இல்லை என்றதும் பின்னால் வருவதும் வராது என்று சொல்லவும் முடியாது. இதை நான் அவருக்கு விளக்கவில்லை. அவரே நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, பலகையில் எழுதியதை ஒவ்வொன்றாக அழித்தார். ‘தந்தால் வாங்கிக்குவேன்’ என்ற கிழவரின் வரியும் போனது. வாத்தியாராக இருந்தவருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தன் கணக்குத் தப்பென்று தெரிந்தால் வலிக்கும்.

ஆனால் ஒரு வரியை அவர் அழிக்கவில்லை. மிருகம் தின்றிருந்தால் சுருட்டு கிடந்திருக்கும். சுருட்டு கிடக்கவில்லை. ஆகையால் தின்றது மிருகம் இல்லை. “இது சரிதானே?” என்றார். யோசித்துப் பார்த்தேன். சரிதான். காட்டுப்பன்றி சுருட்டுக் குடிக்காது. தின்றது ஒரு மனுஷன், இல்லையென்றால் முனியாண்டி. அதைக் கண்டுபிடிக்காமல் உறையைத் திரும்ப எடுக்க முடியாது என்றார் அதிகாரி. ஒரே வழிதான் தோன்றியது அவருக்கு. அன்று மத்தியானமே போலீஸ் செலவில் இன்னொரு படையல் போட்டுப் பார்ப்பது.

மலாக்கா மாநிலத்தில் போலீஸ் முனியாண்டிக்குப் படையல் போட்டது அது ஒருமுறையாகத்தான் இருக்கும். கோழிக் குழம்பை முதலில் துரை பங்களாவின் ஹைனான் சீனச் சமையல்காரர் வைத்தார். லாக்கப்பிலிருந்த எழுபது வயது முனியாண்டிக் கிழவர் கம்பிக்கு இடையில் மூக்கை நீட்டி மோந்து பார்த்து, “சோயா சாஸ் ஊத்தியிருக்கான்யா. இத முனியாண்டி தொட மாட்டாரு,” என்று சொல்லிவிட்டார். சாமி தொடாவிட்டால் சோதனை வீண் என்று அதிகாரிக்குக் கவலை பிடித்தது. கிழவரை வெளியே எடுத்து ஸ்டேஷன் அடுப்பில் சமைக்க வைத்தார்கள். மிளகாய் அரைக்கும்போது இரண்டு காவலர்கள் துப்பாக்கியோடு பக்கத்தில் நின்று தும்மினார்கள். சாம்சு பாட்டிலைத் தொடமாட்டேன் என்று கொப்ரல் மரியாதையாகச் சொல்லிவிட்டார். அதனால் அதை அதிகாரியே தூக்கிக்கொண்டார். தோட்டத்து மண் ரோட்டில் முன்னால் சாம்சு பாட்டிலோடு வெள்ளைக்காரர், அடுத்து வாழையிலையும் சோறுமாக நான், கடைசியில் கைவிலங்கோடு குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிழவர். லயத்து ஜன்னல்களில் ஜனங்கள் பார்த்தார்கள். தடை இருந்ததால் ஒருத்தரும் வெளியே வரவில்லை. சில பேர் உள்ளே இருந்தபடியே கும்பிட்டார்கள், யாரை என்று எனக்குத் தெரியவில்லை.

“எலையோட நுனி அந்தப் பக்கம் இல்ல தொர, இந்தப் பக்கம்,” என்றார் கிழவர். அதிகாரி முழங்காலிட்டு இலையைத் திருப்பிப் போட்டார்.

இரண்டு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் புதருக்குப் பின்னால் காவல். ஒருவன் தமிழன், ஒருவன் மலாய்க்காரன். நாங்கள் தூரத்தில் நிறுத்தியிருந்த ஜீப்பில் உட்கார்ந்து பைனாகுலர் வழியாக எல்லைப் பாதையைப் பார்த்தோம். காட்டிலிருந்து யாரும் வரவில்லை. தோட்டத்திலிருந்தும் யாரும் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் போனால் இலை துடைத்துவிட்டது போல இருந்தது. சுருட்டு இல்லை, பாட்டிலும் இல்லை. கிழவர் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டு, “வந்துட்டுப் போயிட்டாரு,” என்று அழுதார்.

“யாரும் வரல துவான். காத்து மட்டும் வந்துச்சு,” என்றான் தமிழ்க் கான்ஸ்டபிள். நான் மொழிபெயர்த்தேன். மலாய்க்காரன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். காற்று சுருட்டு வாசனையோடு அடித்தது. அதிகாரிக்கும் மூக்கு இருந்தது. அவர் அந்தத் தமிழ்க் கான்ஸ்டபிளின் முகத்துக்கு நேராக நின்று நீளமாக மூச்சிழுத்துவிட்டு ஜீப்புக்குத் திரும்பினார்.

முதல் படையலையும் அவன்தான் தின்றான் என்று இப்போது உங்கள் நாக்கின் நுனியில் நிற்கிறது, தெரிகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது. விழுங்கிவிட்டேன். இன்றைக்குத் தின்றவன் அன்றைக்கும் தின்றான் என்று எங்கே எழுதியிருக்கிறது? நானே அப்படித் தாவினால் அப்புறம் துவான் ஜாடியை எந்த வாயால் குறை சொல்வது?

ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் அதிகாரி சாக்பீஸை எடுத்தார். சாமி உண்மையென்றால் சாப்பாடு யாரும் பார்க்காமல் போகும். யாரும் பார்க்காமல் போயிருக்கிறது. ஆகையால்… அங்கே கை நின்றுவிட்டது. பலகையைப் பார்த்தபடியே, “இது சரியா?” என்று என்னைக் கேட்டார்.

நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். அது சரியில்லை. என்மேல் லஞ்சப் பழி போடப் பார்த்ததும் இதே மாதிரிக் கணக்குதான், இப்போது காத்தமுத்துவை வெளியே விடப்போவதும் அதே கணக்கு. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் வீட்டுக்குப் போவார். கப்பல், முகாம் எல்லாம் தீர்ந்துவிடும். பக்கத்து அறையில் அவர் இருமுவது எனக்குக் கேட்டது. ஏற்கனவே அழகான ஒரு வார்த்தை சேர்த்துத்தான் அவர் இங்கே இருக்கிறார் என்று தோன்றியது.

“சரியில்லை துவான். ஆனால் காத்தமுத்துவுக்கு எதிராகவும் இந்தப் பலகையில் இப்போது ஒரு வரிகூட மிச்சமில்லை,” என்றேன்.

அவர் பலகையை முழுவதும் துடைத்தார். பிறகு மேஜைமேல் இருந்த உறையை எடுத்து இரண்டாகக் கிழித்தார். கிழவரை அன்றே அனுப்பினார்கள், காத்தமுத்துவைக் காகிதங்கள் முடித்து மறுநாள். கோப்பில் என்ன எழுதினார் தெரியுமா? சாப்பாட்டைப் பெற்றுக்கொண்டவர்: முனியாண்டி. வயது தெரியவில்லை. தேடப்படுகிறார். நான் அந்த ஸ்டேஷனை விட்டு மாறும்வரை அந்தக் கோப்பு மூடப்படவில்லை.

என் வேலை போகவில்லை. பையனின் காய்ச்சல் பத்தாம் நாளே விட்டிருந்தது. அது தெரியாத தோட்டத்து ஜனங்கள் போலீஸ் படையல் போட்டதால்தான் விட்டது என்று முடிவு செய்துவிட்டார்கள். இரண்டு தாய்மார்கள் காய்ச்சல்காரப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கே வந்து, ஜாடித் துரை எங்கள் பிள்ளைக்கும் ஒரு படையல் போடமாட்டாரா என்று கேட்டார்கள். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஒரு வாரம் பொறுத்து ஞாயிற்றுக்கிழமை ஆறாங்கட்டைக்குப் போனேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. காத்தமுத்து லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். தாடியை எடுத்துவிட்டிருந்தார். வந்த அன்றைக்குத் தாடியைப் பார்த்து பையன் யாரோ என்று வீறிட்டு அழுதானாம், இன்னும் சரியாகப் பக்கத்தில் வருவதில்லையாம். அவர் அதைச் சொல்லிச் சிரித்தார். செல்லம்மா எனக்குக் காப்பி கொண்டுவந்தார். அவர்கள் என்னை ஏதோ காப்பாற்றிய ஆள் மாதிரி நடத்தினார்கள். காப்பியைக் கீழே வைத்தேன். கடைசியில் சொல்லிவிட்டேன்: உங்களை உள்ளே வைத்தது காட்டுக்காரர்களும் இல்லை, துரையும் இல்லை, நான் மிச்சமாகப் போட்ட ஒரு வார்த்தை.

காத்தமுத்து தலையைக் குனிந்துகொண்டார். செல்லம்மா பையனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

“என்னா வார்த்தங்க அது?”

“தான்,” என்றேன்.

“அவ்ளோதானா?” என்று கேட்டார்.